பஸ்ஸில் வந்தவரும் பஸ் மேல் வந்தவரும்

முதல் நாள்

மண்டபம் முகாமில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, பாம்பனிலிருந்து நான் ஏறவேண்டிய ரயில் நேரத்துக்கு வரவில்லை. ஸ்டேஷனில் நின்று தவித்துக்கொண்டிருந்த என்னை என் அய்யா வந்து கூட்டிப்போய், தன் மீன்பிடி வல்லத்தில் ஏற்றி அக்கரையில் இறக்கிவிட்டார். சேலையின் கீழ்ப்பாதி முழுக்க நனைந்திருந்தது. அப்படியே போய் டாக்டர் முன்னால் நின்றேன்.

இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள் கப்பல் ஏறுவதற்கு முன் அந்த முகாமில் தங்கி, உடம்பைக் காட்டிவிட்டுத்தான் போகவேண்டும். அம்மை, வாந்திபேதி எதுவும் கூடவே கடல் தாண்டிப் போய்விடக் கூடாது என்பதற்காக. டாக்டர் கொழும்புக்காரர், தமிழ் தெரியாது. வருகிறவர்களுக்கோ தமிழைத் தவிர வேறு தெரியாது. நடுவில் நின்று பேச ஆள் வேண்டும். கன்னியாஸ்திரீகள் பள்ளியில் படித்திருந்ததால் எனக்கு அந்த வேலை கிடைத்தது.

டாக்டர் என் சேலையைப் பார்த்துவிட்டு, எப்படி வந்தாய் என்று இங்கிலீஷில் கேட்டார்.

“ஐ கேம் பை த போட், சார்.”

“பை த போட்டா? அப்படியென்றால் படகுக்குப் பக்கத்திலேயே நீந்தி வந்தாயா? அதுதான் இப்படி நனைந்திருக்கிறாய்.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் சிரிக்காமல் உட்காரச் சொன்னார். “பை போட் என்று சொல். இல்லை, இன் எ போட் என்று சொல். நடுவில் ஒரு ‘த’ போட்டால் படகுக்குப் பக்கத்தில் என்று ஆகிவிடும். இந்த முகாமில் நான் கேட்கிற முதல் கேள்வியே எப்படி வந்தாய் என்பதுதான். நோய் வந்த வழியை அதை வைத்துத்தான் பிடிக்கிறேன். அதனால் இது உனக்குச் சரியாக வரவேண்டும்.”

பிறகு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார். எழுந்து நடமாட இடம் இருந்தால் ‘ஆன்’. ரயில், பஸ், கப்பல் எல்லாம் அப்படி. குனிந்து ஏறி உட்கார்ந்தே வருவதென்றால் ‘இன்’. கார், குதிரைவண்டி, சின்னப் படகு. சைக்கிளுக்கு ‘ஆன்’. நடந்து வந்தால் ‘ஆன் ஃபுட்’.

வீட்டுக்குப் போனதும் அய்யாவிடம் இதைச் சொன்னேன். வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தவர், “ஏத்தா, நான் வல்லத்துல நிக்கிறேன், நடக்குறேன், வலை வீசுறேன். என்னைக்கு உக்காந்தே வந்திருக்கேன்? அப்ப அது ஏன் ஆன் இல்ல?” என்றார்.

மறுநாள் டாக்டரிடம் கேட்டேன். “இங்கிலீஷைப் பாம்பனில் கட்டவில்லை என்று உன் அப்பாவிடம் சொல்,” என்றார்.

கமுதிக்காரர்

சேர்ந்து ஒரு வருஷம் போயிருக்கும். இந்த இன், ஆன் எல்லாம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடாகிவிட்டிருந்தது. ஒருநாள் காலை ராமநாதபுரம் ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது. கமுதியிலிருந்து முந்தின நாள் காலை பஸ்ஸில் வந்த ஒருவருக்குப் பெரியம்மை. அந்த பஸ்ஸில் வந்தவர்கள் முகாமில் யாராவது இருந்தால் உடனே பிரித்துவைக்க வேண்டும்.

கமுதிப் பக்கத்து ஆட்களை வரிசையாக நிறுத்தினார்கள். அதில் முத்துக்கருப்பன் என்று ஒருவர். முப்பது வயது இருக்கும். அம்மாவுக்குச் சுகமில்லை என்று தோட்டத்திலிருந்து லீவு எடுத்து வந்தவர், திரும்பிப் போய்க்கொண்டிருந்தார். அவர் மனைவிக்குத் தோட்டத்தில் நிறைமாதம். முதல் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. வந்து இறங்கியதிலிருந்தே பார்க்கிறவர்களிடம் எல்லாம், “கப்பல் எப்ப தாயி?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

எந்த பஸ், எப்போது என்று டாக்டர் கேட்கச் சொன்னார்.

“நேத்து காலம்பற பஸ்ஸுல வந்தேன் தாயி,” என்றார்.

“ஹி கேம் ஆன் த பஸ், சார்,” என்றேன். சொல்லிக்கொடுத்தபடி சுத்தமான இங்கிலீஷ்.

டாக்டர் தனிக்கொட்டகையைக் கை காட்டினார். அங்கே போனால் வாரக்கணக்கில் வெளியே வர முடியாது. சேதியை முத்துக்கருப்பனுக்குச் சொன்னேன்.

“எதுக்கு தாயி? நாந்தான் அந்தாளு பக்கத்துலயே போகலயே!”

“அதே பஸ்ஸுல வந்தேன்னீகளே?”

“பஸ்ஸுல வந்தேன். உள்ள எங்க எடமிருந்துச்சு? கண்டக்டரு மேல ஏத்திவிட்டுட்டாரு. மொளகா மூட மேல குந்திக்கிட்டு வந்தேன். உள்ள காலு வைக்கல தாயி!”

திரும்பி டாக்டரிடம், “சார், ஹி கேம் ஆன் த பஸ்,” என்றேன்.

“அதைத்தான் முன்னமே சொன்னாயே.”

“நோ சார். ஆன் த பஸ்!”

“யெஸ். ஆன் த பஸ். அதனால்தான் கொட்டகை.”

இங்கிலீஷில் பஸ்ஸுக்கு உள்ளே இருப்பவனும் ‘ஆன்’, பஸ்ஸுக்கு மேலே இருப்பவனும் ‘ஆன்’. கூரை என்பதற்கு இங்கிலீஷ் தெரியாதவள் இல்லை நான். ஆனால் அந்தப் பதற்றத்தில் ஒரு வார்த்தை நாக்கில் வரவில்லை. சிப்பந்திகள் அவர் கையைப் பிடித்துவிட்டார்கள். “எம்பொஞ்சாதி தனியா கெடக்கா தாயி, எடுத்துச் சொல்லு,” என்று அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

பக்கத்தில் நோயாளிகள் உட்காரும் பெஞ்சு கிடந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அதன்மேல் ஏறி நின்றேன். காலுக்குக் கீழே பெஞ்சைக் காட்டி, “பஸ்!” என்றேன். என்னைக் காட்டி, “முத்துக்கருப்பன்!” என்றேன்.

கம்பவுண்டர் வாயைப் பொத்திக்கொண்டார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஆன் த ரூஃப்?”

“யெஸ் சார்! ரூஃப்! ரூஃப்!”

டாக்டர் லேசில் நம்புகிறவர் இல்லை. கொட்டகை என்றதும் எல்லோரும் மேலேதான் வந்தேன் என்பார்கள் என்றார். முத்துக்கருப்பனை ஜன்னல் பக்கம் நிறுத்தி, கூரைப் புழுதி இருக்கிறதா என்று பார்க்க அவர் தலைத்துண்டை வாங்கி உதறினார். அவ்வளவுதான். டாக்டர் தும்மினார். கம்பவுண்டர் தும்மினார். சிப்பந்திகள் அவர் கையை விட்டுவிட்டுத் தும்மினார்கள். பெஞ்சின் மேல் நின்றபடி நானும் தும்மினேன். கமுதி மிளகாய் வற்றலின் நெடி அந்த அறையை விட்டுப் போக வெகுநேரம் ஆனது.

தும்மி ஓய்ந்ததும் டாக்டர் அவரை அருகே அழைத்தார். கையில் அம்மை குத்திய பழைய தழும்பு இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. ஆனாலும் புதிதாக ஒரு தடவை குத்தினார். பிறகு கப்பலுக்குப் போகிறவர்கள் வரிசையில் சேர்க்கச் சொன்னார். முத்துக்கருப்பன் கும்பிடக்கூட மறந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். கப்பல்துறைக்கு அவர் ஏறிப் போன தனுஷ்கோடி ரயில் ஊதிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு

‘எதுல வந்தீக?’ என்று மட்டும் கேட்டு நான் நிறுத்தியதே இல்லை. “எங்கன உக்காந்து வந்தீக? பக்கத்துல யாரு?” என்று கேட்பேன். பஸ்ஸின் ஏணியில் தொங்கிக்கொண்டு வந்தவர் இருந்தார். கூட்ஸ் வண்டியில் ஆடுகளோடு வந்தவர் இருந்தார். ஏர்வாடியிலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தவரும் இருந்தார். அவருக்கு ‘ஆன் எ சைக்கிள்’ என்றால் தப்பு. பேச்சை மாற்றிச் சொல்கிற வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். இலக்கணப் புத்தகத்தைப் படியுங்கள், அது கட்டாயம் வேண்டும். ஆனால் வாயைத் திறப்பதற்கு முன், அந்த ஆள் வந்த காட்சி உங்கள் கண்ணுக்குத் தெரியவேண்டும். தெரியவில்லையென்றால் இன்னொரு கேள்வி கேளுங்கள். டாக்டர் காத்திருப்பார்.

அடுத்த வருஷம் ஒரு சாயங்காலம் முகாம் வாசலில் யாரோ என்னைத் தேடுவதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் முத்துக்கருப்பன். ஊருக்குப் போகிற வழியில் ரயிலை விட்டு இறங்கியிருக்கிறார். பக்கத்தில் மனைவி. பிள்ளை அப்பாவின் தலைமயிரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கழுத்தின் இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்திருந்தது.

“எல்லாரும் எதுல வந்தீக?” என்று வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

“நாங்க ரெண்டு பேரும் கப்பல்ல வந்து, ரயில்ல வந்தோம் தாயி. இவன் மட்டும் அங்கனயிருந்து எந்தோள்ல வந்தான்.”

டாக்டர் பின்னால் வந்து நின்றார். அந்தப் பிள்ளை எப்படி வந்தானாம் என்று கேட்டார்.

“ஆன் ஹிஸ் ஃபாதர்ஸ் ஷோல்டர்ஸ், சார்,” என்றேன்.

பெஞ்சு எதுவும் தேவைப்படவில்லை.