நாக்கெல்லாம் நீலம்

1. தங்க இடம் உண்டு

நாமக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மின்கம்பத்தில் அந்த அட்டையைக் கட்டியிருந்தார்கள். ‘கோழிப்பண்ணைக்கு சூப்பர்வைசர் தேவை. முன் அனுபவம் தேவையில்லை. குடும்பத்துடன் தங்க இடம் உண்டு.’ என்னை இழுத்தது கடைசி வரிதான். சேலம் சூரமங்கலத்தில் நான் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த அச்சகத்தை மூடிவிட்டார்கள். குடியிருந்த வீட்டையும் காலி பண்ணச் சொல்லியாகிவிட்டது. தெருவில் நிற்கப்போகிற குடும்பத்துக்கு ஒரு கூரை கிடைக்கிறது என்றால், பக்கத்தில் கோழி இருந்தால் என்ன, குதிரை இருந்தால் என்ன?

இன்றைக்குப் பண்ணை வேலைக்கு வருகிறவர்கள் படித்துவிட்டு வருகிறார்கள். நான் வந்தபோது எனக்கும் கோழிக்கும் இருந்த உறவு ஞாயிற்றுக்கிழமை மதியத்தோடு சரி. பண்ணைக்குள் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஓர் அறையும் சமையலுக்கு ஒரு சாய்ப்பும் கொடுத்தார்கள். என் மனைவி செல்விக்கு முட்டை குடோனில் வேலை கிடைத்தது. மகளைப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பில் சேர்த்தோம். வேலை இருக்கும்வரை வீடு, வேலை போனால் அன்றைக்கே வீடும் போய்விடும். இதைச் செல்வி வாரம் ஒருமுறையாவது ஞாபகப்படுத்துவாள்.

2. பாத்துப் பழகிக்குங்க

எனக்கு முன்னால் இருந்த சூப்பர்வைசர் நான் சேருவதற்கு முன்பே போய்விட்டார். ஏன் போனார் என்று யாரும் சொல்லவில்லை. யாரைப் பார்த்துப் பழகுவது என்று தெரியாமல் மேனேஜரிடம் போய் நின்றேன். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு போன். “பாத்துப் பழகிக்குங்க” என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போனார். எனக்குக் கொடுத்த டிரெயினிங் அவ்வளவுதான்.

மேனேஜர் உள்ளூர்க்காரர். திட்டும்போதுகூட ‘ங்க’ போடாமல் திட்டமாட்டார். வேறு ஊரில் என்றால் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டுவார்கள், நாமும் பதிலுக்கு மனசுக்குள் ஒன்று சொல்லிக்கொண்டு ஆறிவிடலாம். இவர் மரியாதை கொடுத்தே தோலை உரிப்பார். சேர்ந்த வாரத்தில் தீவனம் வைக்கிற நேரம் பற்றி ஒரு சந்தேகம் கேட்டேன். முட்டை பொறுக்குகிற பெண்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள், செல்வியும் இருந்தாள்.

“ஏனுங்க சேலத்துக்காரரே, மூளைய ஜங்சன்லயே எறக்கி வெச்சுட்டு வந்துட்டீங்களா? கேள்வி கேக்கறதுக்குத்தான் உங்களுக்குச் சம்பளமுங்களா?”

பெண்கள் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் அடுத்து அவர்கள் முறை. செல்வி சிரிக்கவில்லை. முட்டை அட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்று ராத்திரி சோறு போடும்போது, “இனிமே ஒண்ணும் கேக்காதீங்க, என்னால அங்க நிக்க முடியல” என்றாள். எனக்கு அவமானமாக இருந்தது.

அதற்குப் பிறகு கேட்காமலேயே கற்றுக்கொண்டேன், அதாவது தப்புத்தப்பாகக் கற்றுக்கொண்டேன். கோழி கொத்திக் குடிக்கிற நிப்பிள் குழாய் லைனில் காற்று அடைத்து ஒரு வரிசைக் கோழிக்கு அரைநாள் தண்ணீர் போகவில்லை. அதற்குத் திட்டு. அடுத்த நாள் வால்வை அதிகமாகத் திறந்து எருவெல்லாம் ஈரமாகிப் புழு வைத்தது. அதற்கும் திட்டு. எது சரி என்பதை மட்டும் அவர் சொல்லவேயில்லை.

3. நீலம்

மூன்றாவது ஷெட்டில் முட்டைக்கு வராத இளங்கோழிகள் இருந்தன. அவற்றுக்கு வெள்ளைக்கழிச்சல் நோய்த் தடுப்பு மருந்து கொடுக்கவேண்டிய நாள் வந்தது. இந்த மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுப்பார்கள். முதலில் இரண்டு மணி நேரம் தண்ணீரை நிறுத்தவேண்டும். கோழி தாகத்தில் இருக்கும்போது ஷெட் தலைமாட்டில் இருக்கிற டேங்கில் மருந்தைக் கலந்து திறந்துவிட்டால் மடமடவென்று குடிக்கும். எல்லாம் குடித்ததா என்று பார்க்க நீல மாத்திரை ஒன்றைக் கரைத்து விடுவார்கள். குடித்த கோழியின் நாக்கு நீலமாகிவிடும்.

எங்கள் பண்ணையில் தினமும் சாயங்காலம் டேங்கில் பிளீச்சிங் பவுடர் போடுவது வழக்கம், கிருமி சாவதற்காக. முந்தின நாளும் வழக்கம்போலப் போட்டிருந்தேன். காலையில் மூடியைத் திறந்தபோது நெடி மூக்கில் ஏறியது. அச்சகத்தில் கெமிக்கலோடு பழகிய மூக்கு. இந்தத் தண்ணீரிலா மருந்தை ஊற்றுவது என்று உறுத்தியது. மேனேஜர் மருந்து வைத்த ஐஸ் பெட்டியோடு வந்து நின்றார். செல்வி சொன்னதையும் மீறிக் கேட்டேன்.

“சார், பிளீச்சிங் வாடை அடிக்குது. டேங்க்க ஒருவாட்டி கழுவிட்டு...”

முடிக்க விடவில்லை.

“நீங்க டாக்டருங்களா? ஐஸு கரையுது பாருங்க. ஊத்தறீங்களா, நான் வேற ஆளப் பாக்கட்டுமா?”

வேற ஆள் என்றதும் எனக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் மகளின் புத்தகப் பையும்தான் கண்ணில் வந்தன. ஊற்றினேன். தண்ணீர் அழகான நீலமாக லைனில் ஓடியது. மதியம் கூண்டு கூண்டாகப் போய் அலகைப் பிரித்துப் பார்த்தோம். பிடித்த கோழிக்கெல்லாம் நாக்கு நீலம். மேனேஜர் அன்றைக்கு என்னைத் திட்டவில்லை. போகும்போது, “இப்படித்தான் சொன்னதச் செய்யோணும்” என்றார். வேலைக்குச் சேர்ந்த பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அன்று சாயங்காலம் மகளுக்கு முறுக்கு வாங்கிக்கொண்டு போனேன்.

4. கழுத்து திருகியபோது

மூன்று வாரம் ஆகியிருக்கும். காலையில் மூன்றாவது ஷெட்டுக்குள் போனதுமே வித்தியாசம் தெரிந்தது. சத்தம் குறைந்திருந்தது. தீவனம் அப்படியே கிடந்தது. கூண்டுக்கு அடியில் பச்சையாகக் கழிச்சல். சில கோழிகள் கழுத்தைத் திருகிக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றன. மறுநாள் சாகத் தொடங்கின. அதன் பிறகு பொறுக்கி மாளவில்லை. நானும் இன்னும் இரண்டு பேரும் சாக்கில் போட்டு இழுத்துக்கொண்டு போய்ச் சுண்ணாம்பு போட்டுக் குழியில் மூடினோம். பண்ணை முழுக்க அந்த நாற்றம். செல்வி தட்டை எடுப்பாள், சாப்பிடாமலே கழுவி வைப்பாள்.

மருந்து கொடுத்த கோழிக்கு அதே வெள்ளைக்கழிச்சல் எப்படி வந்தது என்று பார்க்க முதலாளி கால்நடை டாக்டரைக் கூட்டிவந்தார். டாக்டர் டேங்குக்குப் பக்கத்தில் நின்று என்னிடம் எல்லாவற்றையும் கேட்டார். நானும் மறைக்காமல் சொன்னேன். நாக்கெல்லாம் நீலமாக இருந்ததையும் சொன்னேன்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். அந்த மருந்தில் இருப்பது உயிரோடு இருக்கிற கிருமி. பிளீச்சிங் கலந்த தண்ணீரில் ஊற்றினால் அது உடனே செத்துப்போகும். நீலம் என்பது தண்ணீர் குடித்ததற்கு அடையாளம், அவ்வளவுதான். கோழிகள் குடித்தது வெறும் சாயத் தண்ணீர்.

முதலாளி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் என்னைப் பார்த்தார்.

“டேங்க்கக் கழுவோணும்னு சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமுங்க. இதெல்லாமா ஒருத்தர் சொல்லிக்குடுக்கோணும்?” என்றார்.

டேங்கைக் கழுவலாமா என்று அன்றைக்கு நான் கேட்டதைச் சொன்னேன். அந்த இடத்தில் அது எடுபடவில்லை. மேனேஜர் முதலாளிக்குப் பங்காளி முறை. நான் அட்டையைப் பார்த்து வந்தவன். முதலாளி கெட்டவர் என்று சொல்லமாட்டேன், குரலைக்கூட உயர்த்தவில்லை. ஷெட்டைக் காலி பண்ணிக் கழுவிக் கொடுத்துவிட்டு வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். குழி வெட்டுவதற்கு ஆள் கிடைக்காத நேரம். அதுவரை நான் தேவைப்பட்டேன்.

அறைக்குப் போய்ச் சொன்னபோது செல்வி அழவில்லை. மகள்தான், “மறுபடியும் ஸ்கூல் மாத்தணுமாப்பா?” என்று கேட்டாள். இந்த ஸ்கூலில் இப்போதுதான் அவளுக்கு ஒரு தோழி கிடைத்திருந்தாள்.

5. கடைசி நாள் டிரெயினிங்

கடைசியாகச் செய்த வேலை டேங்க் கழுவுவது. நான் பிரஷ்ஷோடு உள்ளே இறங்கினேன். எப்படிக் கழுவவேண்டும் என்று டாக்டர் மேனேஜரின் போனுக்குப் பேசிப் பதிவு செய்து அனுப்பியிருந்தார். மேனேஜர் வெளியே ஏணியில் நின்றுகொண்டு அதைப் போட்டுக் காட்டினார். மருந்து கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே பிளீச்சிங்கை நிறுத்தவேண்டும், டேங்கையும் லைனையும் நல்ல தண்ணீரில் அலசவேண்டும், தண்ணீரில் பால் பவுடர் கரைத்துவிட்டுத்தான் மருந்தை ஊற்றவேண்டும் என்று டாக்டரின் குரல் டேங்குக்குள் முழங்கியது.

முடிந்ததும் மேனேஜர் மறுபடியும் முதலிலிருந்து போட்டார். பிறகு இன்னொரு தடவை. நான் நிமிர்ந்து பார்த்தேன். டேங்கின் வட்டமான வாய்க்கு மேலே அவர் முகம் மட்டும் தெரிந்தது. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, மனப்பாடம் செய்கிற பையன் மாதிரி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“ரெண்டு நாளுன்னா சொல்றாரு?”

“ஆமாங்க. ரெண்டு நாளைக்கு முன்னாடியே நிறுத்தணும்” என்றேன்.

சின்னப் பிள்ளைக்குத் தெரிந்தது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அவருக்கும் யாரோ ஒருவர் ‘பாத்துப் பழகிக்குங்க’ என்று சொல்லிவிட்டுப் பைக்கை எடுத்துக்கொண்டு போயிருக்கவேண்டும். எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும், வரவில்லை. கையெல்லாம் பாசியோடு நின்றுகொண்டிருந்தேன், களைப்பாக இருந்தது. மறுநாள் சாமான்களை ஒரு மினி வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம்.

அதற்குப் பிறகு பல பண்ணைகள் பார்த்துவிட்டேன். இன்றைக்கு நானும் ஒரு பண்ணைக்கு மேனேஜர். தொழிலில் கற்றுக்கொண்டது இதுதான்: கேள்வி கேட்டால் யார் எரிந்து விழுகிறாரோ, அவரிடம் பெரும்பாலும் பதில் இருக்காது.

போன மாதம் நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் அந்தப் பண்ணையின் விளம்பரத்தை மறுபடியும் பார்த்தேன். அட்டை போய் ஃபிளெக்ஸ் வந்திருக்கிறது. வாசகம் மாறவில்லை. மனைவியோடும் ஒரு பெரிய பையோடும் ஒருவர் அதன் முன்னால் நின்றிருந்தார். என் பண்ணையில் இடமில்லை. போகாதீர்கள் என்று சொல்லலாம் என்று பக்கத்தில் போனேன். அவர் மனைவிக்குக் கடைசி வரியை விரல் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வாய் வரவில்லை. மருந்து ஊற்றும் முன்னால் டேங்கை மோந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. சரிங்க என்று தலையாட்டிவிட்டு, ஃபிளெக்ஸில் இருந்த நம்பரைப் போனில் போடத் தொடங்கினார்.