சாமி என்ற ஒரு சொல்

பேச்சை நம்பிப் பிழைக்க வந்த ஒரு மனிதரின் நாக்கை நான் கெடுத்தேன். ஐம்பதுகளின் கடைசியில், சேலம் கடைவீதியில் ஒரு மாடியில் இருந்த தையல் மெஷின் கம்பெனியின் கிளை அலுவலகத்தில் அது நடந்தது. அதை என் வேலை என்றே செய்தேன். பாராட்டும் வாங்கினேன்.

நான் அங்கே மூத்த விற்பனையாளன்; பட்டம் பெற்றவன். புதிதாகச் சேருகிறவர்களை ஊர்களுக்கு அனுப்பும் முன் பழக்கிவிடுவது என் பொறுப்பு. அதற்கு ஒரு பேச்சுப் பயிற்சி வைத்திருந்தோம். நான் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கார அம்மாளாக நாற்காலியில் உட்காருவேன். புதியவர் கதவைத் தட்டி உள்ளே வந்து, எனக்கு மெஷினை விற்க வேண்டும். “அவரு வரட்டும், கேட்டுச் சொல்றேன்” என்று நான் குரலை மாற்றி இழுப்பேன். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

நான் சொன்ன அந்த மனிதர் திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். மழை பொய்த்து மானாவாரிக் காடு காய்ந்துபோனதால் வேலை தேடி வந்தவர். மனைவிக்கு நிறைமாதம். மாதக் கடைசியில் வேலை நிரந்தரமானால் சேலத்தில் ஓர் அறை பிடித்து அவளை அழைத்து வந்துவிடப் போவதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சு அவ்வளவு சரளம்.

முதல் நாள் பயிற்சியில் கதவைத் தட்டி வந்தவர், “ஏஞ்சாமி, ஊட்ல எல்லாரும் சௌக்கியமுங்களா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அறையே சிரித்தது. அவர் ஊர்ப் பக்கத்தில் பெரியவர், குழந்தை எல்லோரையும் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். அது எனக்கும் தெரியும். இருந்தும் துண்டை எடுத்துவிட்டு, “சாமின்னா தேங்கா பழம் எங்கய்யா?” என்றேன்.

“பழக்கமுங்க சாமி” என்று அவரும் சேர்ந்து சிரித்தார். சிரிப்பு இரண்டு மடங்கானது.

அந்தச் சொல் இனி வாயில் வந்தால் வெளியே போய்க் கதவைத் தட்டி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று சட்டம் போட்டேன். மாலை வரை அவர் வெளியே போவதும் கதவைத் தட்டுவதுமாக இருந்தார். கடைசியில், “வணக்கம் அம்மா. நான் தையல் இயந்திரக் கம்பெனியிலிருந்து வருகிறேன்” என்று பாடம்போல் ஒப்பித்தார். கைதட்டினோம். அவர் சிரிக்கவில்லை, கண் கதவின் மேலேயே இருந்தது. நான் அதைக் கவனித்தேன். கவனித்தும் விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் அவரை அவருடைய பகுதிக்கே அழைத்துப் போனேன். முதல் வீட்டு வாசலில் சோளம் புடைத்துக்கொண்டிருந்த அம்மாள், தூரத்து உறவில் அவருக்குச் சின்னம்மா. முகம் மலர எழுந்து வந்தார். இவர் “சா…” என்று தொடங்கினார். பின்னால் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தார். குரல் நின்றுவிட்டது. பிறகு, “வணக்கம் அம்மா” என்றார்.

“அட, யாருக்குச் சாமி வணக்கம் போடறே? சின்னம்மாளத் தெரியலியா? சேலத்துத் தண்ணி குடிச்சதும் ஒறவு மறந்துபோச்சாக்கும்!”

அந்த அம்மாள் கேலியாகத்தான் சொன்னார். இவருக்கு உதடு துடித்தது. “சா… சா…” என்று பேச்சு அங்கேயே சுற்றியது. அன்று பிடித்த திக்கல் பிறகு விடவில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் சொல்லிலேயே மாட்டிக்கொண்டார்.

மாதக் கடைசியில் மேலாளர், “ஆள் எப்படி?” என்று கேட்டார். “பேச்சு வராது சார்” என்றேன். வந்த அன்று எங்கள் எல்லோரையும்விட நன்றாகப் பேசியவர் என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். சேர்த்தால், கெடுத்தது யார் என்ற கேள்வி வரும். சேர்க்கவில்லை. அவர் தகரப் பெட்டியுடன் விடைபெற வந்தார். ஏதோ சொல்ல முயன்று, முடியாமல், கைகூப்பிவிட்டு மாடிப்படி இறங்கிப் போனார்.

நான் கத்தோலிக்கன். அடுத்த தவக்காலத்தில் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யக் கோயிலில் குருவானவர் முன் முழந்தாளிட்டேன். அவரை நாங்களும் சாமி என்றுதான் அழைப்போம். “சாமி…” என்று தொடங்கியவனுக்கு மேலே பேச்சு எழவில்லை, அழுதுவிட்டேன். அழுகை அடங்கி நான் சொன்னதையெல்லாம் கேட்ட பிறகு அவர், “எங்கிட்ட சொன்னா மட்டும் போதாது. அவர்கிட்டப் போய்ச் சொல்லுங்க” என்றார். சரி என்று வந்தவன், பல வருடங்கள் போகவில்லை.

அறுபதுகளின் நடுவில் நானே கிளை மேலாளரானேன். அவர் சங்ககிரியில் லாரிகளுக்குப் பாரம் கட்டுகிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு ஒரு நாள் போனேன். லாரியின் உச்சியில் தார்ப்பாயை விரித்தபடி, கீழே நின்ற டிரைவரிடம், “கயித்த இழு சாமி! அட, இன்னுங் கொஞ்சம் சாமி!” என்று கத்திக்கொண்டிருந்தார். திக்கலே இல்லை. எனக்கு உயிர் வந்தது.

இறங்கியவர் என்னைக் கண்டார். “சா…” உதடு அப்படியே நின்றது. “வணக்கம் சார்” என்றார்.

பயிற்சியில் நான் செய்ததையும், மேலாளரிடம் சொன்னதையும், சொல்லாமல் மறைத்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். திரும்பி வாருங்கள், வேலை தருகிறேன் என்றேன். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“வே… வேண்டாங்க சார். பேசற வேலை வேண்டாம். கொழந்தை பொறந்தப்ப, தூக்கி வெச்சுக் கொஞ்சறதுக்குக்கூட அந்த வார்த்தை வரலீங்க. இப்பத்தான் கொஞ்ச நாளா வருது.”

மன்னித்துவிட்டீர்களா என்று கேட்டேன். “மனசுல ஒண்ணுமில்லீங்க சார். டீ குடிங்க” என்றார். அது பொய்யில்லை என்றே நம்புகிறேன். பஸ் வந்ததும், “பாத்து ஏத்திக்க சாமி, நமக்கு வேண்டியவரு” என்று கண்டக்டரிடம் சொன்னார். என்னிடம், “போயிட்டு வாங்க சார்” என்றார்.

அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. காலையில் கீரை கொண்டுவரும் பெண்மணி வாசலில் நின்று என்னைச் “சாமி” என்று கூப்பிடும்போதெல்லாம், ஊரில் யார் வேண்டுமானாலும் பெறுகிற அந்தச் சொல் அந்த முதல் நாளுக்குப் பிறகு அவரிடமிருந்து எனக்கு மட்டும் கிடைக்காமலே போனதை நினைத்துக்கொண்டு சற்று நேரம் அங்கேயே நின்றுவிடுகிறேன்.