ஏரிக்குள் இறக்கிய மோட்டார் சைக்கிள்

நாலாம் வகுப்போடு நின்றவன் நான். பூந்தமல்லியில் செங்கல் சூளை போட்டு, பட்டாளத்தார் ஏலம் விட்ட மோட்டார் சைக்கிளைச் சொந்த உழைப்பில் வாங்கியவன். கோடையில் வற்றிய ஏரிகளில் அதை ஓட்டுவதில் எனக்கு அலாதிப் பிரியம்.

போன மாதம் அயனம்பாக்கம் ஏரியில் இறக்கினேன். ஏரிக்குள் போட்டிருந்த வெள்ளரிக்குக் காவலிருந்த ஒரு அம்மாள் குறுக்கே வந்தாள்.

"நடுவுல போவாத நைனா. மேலதான் காஞ்சி கீது, அடியில சேறு."

கொடிமேல் சக்கரம் ஏறிவிடுமென்று புளுகுகிறாள் என்றே நினைத்தேன். என்னிடமா இந்த வேலை என்று வேகமாக விட்டேன். கொஞ்ச தூரத்தில் முன்சக்கரம் புதைந்தது. கீழே குதித்த நான் இடுப்புவரை சேற்றில் போனேன். அசைய அசைய இன்னும் உள்ளே இழுத்தது. அவள்தான் புருஷனைக் கூப்பிட்டு, தண்ணீர் இறைக்கிற கயிற்றை வீசி என்னையும், பிறகு வண்டியையும் மீட்டாள். எந்த ஊர் என்று கேட்டாள்; சொன்னேன்.

"நீ உள்ள போயிருந்தா, உன் ஊட்டுக்குச் சேதி சொல்ல நான்தானே பூந்தமல்லி வரிக்கும் நடக்கணும்?" என்றாள்.

இப்போதெல்லாம் எந்த ஏரியானாலும், தங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேரைத் தேடிப்பிடித்துத் தனித்தனியாகக் கேட்கிறேன். இருவரும் ஒரே பதிலைச் சொன்னால்தான் வண்டியை இறக்குகிறேன்.