கழட்ட முடியாத பெல்ட்

நான் தைத்த நாய் பெல்ட் இதுவரை ஒன்றுகூட அறுந்ததில்லை. பல வருஷம் பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் வேறு எதையாவது பேசி மாற்றிவிடுகிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் தோல் பை செய்கிற கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் கைத்தையல் வேலை பார்த்தேன். ஒருநாள் காலையில் போனால் கேட்டில் பூட்டுத் தொங்கியது. முதலாளி யாருடைய போனையும் எடுக்கவில்லை. திருமழிசையில் இரண்டு இடத்தில் போய்க் கேட்டேன். மெஷின் ஓட்டத் தெரியுமா என்றார்கள். தெரியாது என்றதும் டீ வாங்கிக்கொடுத்து மரியாதையாக அனுப்பிவைத்தார்கள். அந்த மரியாதைதான் எனக்குப் பொறுக்கவில்லை. அதோடு அண்ணனூரில் எங்கள் வீட்டு முன்ரூமிலேயே பலகையைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

நாய் பெல்ட் செய்யலாம் என்று சொன்னது என் மனைவி. ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் வயலெல்லாம் ஃபிளாட் ஆகிக்கொண்டிருந்த நேரம். எங்கெங்கிருந்தோ வந்து குடியேறுகிறவர்கள், கையில் லேப்டாப் பை, பின்னால் ஒரு நாய். நைலான் பெல்ட் கழுத்து முடியைத் தின்றுவிடுகிறது என்று அவர்கள் புலம்புவதை இவள் மார்க்கெட்டில் கேட்டுக்கொண்டு வந்தாள். அவள் சொன்னது பலித்தது. ஒருவர் சொல்லி ஒருவர் வர ஆரம்பித்தார்கள். வருகிறவர்கள் வாசலிலேயே நின்று மூக்கைச் சுளிப்பார்கள், பிறகு "ஒரிஜினல் லெதர்தானே?" என்று கேட்பார்கள். ஒரிஜினல் என்பதால்தானே சார் நாறுகிறது என்று நாக்கு நுனிவரை வரும். விழுங்கிக்கொள்வேன்.

வேலையில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. இரண்டு பட்டைத் தோல், நடுவில் ஒரு நாடா. ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, இந்தப் பக்கமிருந்து ஒன்று, அந்தப் பக்கமிருந்து ஒன்று என்று ஒரே துளைக்குள் விட்டு இழுக்கிற தையல். நடுவில் ஒரு தையல் அறுந்தாலும் பக்கத்துத் தையல் அசையாது. ஓரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கி மெழுகு பூசுவது மனைவியின் வேலை. முடிந்ததும் பெல்ட்டைச் சுவர்க் கொக்கியில் மாட்டி, இரண்டு கையாலும் பிடித்து, காலைத் தூக்கிக்கொண்டு தொங்கிப் பார்ப்பேன். கொக்கி பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறது, பெல்ட் அறுந்ததில்லை. எந்தத் துளையில் மாட்டினாலும் கழுத்துக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும் என்று வாங்குகிற எல்லோருக்கும் சொல்லி அனுப்புவேன்.

ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கத்து ஃபிளாட் ஒன்றில் ஒரு பெண் இருந்தாள். தெற்கத்திப் பெண், ஏதோ சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. அவள் வளர்த்தது வீட்டு நாய் இல்லை. ஃபிளாட் கேட்டுக்கு வெளியே திரிந்த ஒரு செவலைக் குட்டிக்குத் தினமும் சோறு வைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு: கழுத்தில் பெல்ட் கிடந்தால் நாய் பிடிக்கிற வண்டிக்காரன் தொடமாட்டான். அதனால் தெருநாய்க்கு அவள் என்னிடம் தோல் பெல்ட் வாங்கினாள். நான்கு நாளில் எவனோ கழட்டிக்கொண்டு போய்விட்டான். மறுபடி வாங்கினாள். அதுவும் போயிற்று. முதல் பெல்ட்டை நானே ஒரு டீக்கடைக்காரன் நாயின் கழுத்தில் பார்த்தேன். என் பெல்ட்டய்யா அது என்று சொன்னால், நாய் உன்னுதா என்று கேட்டான்.

மூன்றாவது தடவை அந்தப் பெண் வீட்டுக்கே வந்தாள். "அண்ணா, யாராலயும் கழட்டவே முடியாத மாதிரி ஒண்ணு போட்டுத் தர முடியுமா?" என்று கேட்டாள்.

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். டீக்கடைக்காரன் மேல் இருந்த கடுப்பில் முடியும் என்றேன். பக்கிள் வேண்டாம், கழுத்தில் சுற்றி அங்கேயே ரிவெட் ஆணி அடித்துவிடலாம், அப்புறம் எவன் கழட்டுகிறான் பார்க்கலாம் என்றேன். அவளுக்கு ரொம்ப சந்தோஷம்.

ஆடி மாசம் ஒரு காலையில் சுத்தியலும் சின்ன இரும்புக் கட்டையுமாக ஃபிளாட் கேட்டுக்குப் போனேன். அவள் பிஸ்கட்டைக் காட்டிக் குட்டியைப் பிடித்துக்கொண்டாள். பட்டையைக் கழுத்தில் சுற்றும்போது குட்டி என் விரலை வாயில் வைத்துக் கடித்து விளையாடியது. பல் ஒவ்வொன்றும் ஊசி மாதிரி இருந்தது. பால்பல். நான்கு மாசத்துக்கு மேல் இருக்காது. கால் பாதத்தைப் பார்த்தேன், உடம்புக்குப் பொருந்தாமல் பெரிதாக இருந்தது. இது பெரிய நாயாக வளரும் என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை.

அவளுடைய ஆபீஸ் வண்டி வந்து நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நானும் முன்னே கொடுத்த பெல்ட் அளவுக்கே பட்டையை வெட்டித் தைத்துக் கொண்டுபோயிருந்தேன். இன்னும் கொஞ்சம் நீளமாக விட்டால் தலை வழியாகக் கழன்றுவிடும், அப்புறம் என் பேர் என்னாவது? தினமும் சோறு வைக்கிறவள் இருக்கிறாள், இறுகினால் கூப்பிடுவாள், வந்து வெட்டிவிட்டு வேறு போடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டு விரல் இடம் விட்டு ரிவெட்டை அடித்தேன். ஒவ்வொரு அடிக்கும் குட்டி கண்ணை மூடித் திறந்தது. கத்தவில்லை. வாட்ச்மேன்கூட நல்ல வேலை நைனா என்றார். நான் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறைதான்.

அந்தப் பெண் ஆவணியிலேயே வேலை மாறி ஊரைவிட்டுப் போய்விட்டாள். எனக்கு அது தெரியாது. விசாரிக்கவும் இல்லை. அவளைக் குற்றம் சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் ரிவெட் அடித்த கை அவளுடையது இல்லையே.

கார்த்திகை மழை ஓய்ந்த சமயம். அதே ஃபிளாட்டில் லாப்ரடார் வளர்க்கிற ஒரு ரிட்டையர்ட் பேங்க்காரர் என் போனுக்கு ஒரு படம் அனுப்பினார். பெரிய செவலை நாய். கழுத்தைச் சுற்றிச் சதை பிளந்து, அதற்குள் ஒரு பட்டை புதைந்திருந்தது. கீழே 'எந்த மிருகம் இதைச் செய்தது' என்று எழுதியிருந்தது. அவர்களுடைய வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோரும் கொதித்துப்போயிருக்கிறார்களாம். சதைக்கு வெளியே தெரிந்தது ஒரு விரல் நீளம்தான். அதில் ஆறேழு தையல். அது போதும் எனக்கு.

கொஞ்ச நேரத்தில் அவரே போன் செய்தார். இது உங்கள் சரக்கு இல்லையே என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டார். நான் தயங்கவில்லை.

"நம்முது இல்ல சார். நாம பக்கிள் வெச்சிதான் குடுப்போம்" என்றேன்.

போனை வைத்துத் திரும்பினால் மனைவி நின்றுகொண்டிருந்தாள். படத்தை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"உன் தையலு எனக்குத் தெரியாதாயா? ஓரம் தேச்சவளே நான்தான. அந்த நாயி செத்துகினு கீது, நீ பேர காப்பாத்திகினு கீறே."

உனக்கென்ன தெரியும், விஷயம் வெளியே தெரிந்தால் ஒரு ஆள் நம் வாசலை மிதிக்கமாட்டான், அப்புறம் இரண்டு பேரும் எதைத் தின்பது என்று கத்தினேன். சத்தம் போட்டேனே தவிர அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் செருப்பை மாட்டினாள். நான் கத்தியையும் கட்டிங் பிளேயரையும் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

ஃபிளாட் கேட்டில் நாய் இல்லை. வாட்ச்மேன் எங்கள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நாத்தம் தாங்கல நைனா. கொயந்தைங்க பயப்புடுதாம். அசோசியேசன்ல தொரத்தச் சொல்ட்டாங்க, நான் இன்னா பண்றது?"

குரூப்பில் கொதித்தவர்களும் துரத்தச் சொன்னவர்களும் ஒரே ஆட்கள். அங்கேயே நின்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று வாய் துடித்தது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது?

இரண்டு நாள் தேடினோம். ரயில் ஷெட் மதில் ஓரம் கருவேலம் புதருக்குள் படுத்திருந்தது. பத்தடி தள்ளி நிற்கும்போதே வாடை வந்தது. இருபத்திரண்டு வருஷம் தோல் வாடையிலேயே வேலை பார்த்த எனக்கே குமட்டியது. என்னைப் பார்த்ததும் அது எழுந்து இன்னும் உள்ளே போயிற்று. என்னை அடையாளம் தெரிந்ததா, இல்லை எல்லா ஆளையும் பார்த்து அப்படித்தான் பயந்ததா, தெரியவில்லை. மனைவி என்னைத் தள்ளிப் போய் உட்காரச் சொல்லிவிட்டுக் கருவாட்டுக் குழம்பு பிசைந்த சோற்றை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அன்றைக்கு வரவில்லை. மறுநாளும் போய் உட்கார்ந்தாள். அதற்கு மறுநாள் சோற்றுக்காகத் தவழ்ந்த மாதிரி வந்தது. தின்ன முயன்றது, விழுங்க முடியாமல் சோறு வாயிலிருந்து கீழே விழுந்தது. அதைப் பார்த்து நான் அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அழவில்லை. எங்கே வெட்டினால் சீக்கிரம் அறும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் பழைய புடவையை அதன்மேல் போர்த்தித் தலையை மடியில் அணைத்துக்கொண்டாள். நான் பிளேயரை வைத்து அழுத்தினேன். நூல் விடவில்லை. மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, தோல் கட்டை மாதிரி ஆகியிருந்தது. நடுவில் இருந்த நாடா அதற்கு மேல். நான் செய்த பொருளோடு நானே சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் ரிவெட்டுக்குப் பக்கத்தில் நாடா இல்லாத இடத்தைத் தடவிக் கண்டுபிடித்து, கத்தி முனையைச் சதைக்கும் பட்டைக்கும் நடுவில் விட்டு மேல்நோக்கி அறுத்தேன். கத்தி நுழைந்தபோது நாய் என்னைக் கடிக்கவில்லை. மனைவியின் முந்தானையைத்தான் கவ்விக்கொண்டது. பட்டையை உரித்து எடுத்தபோது சதையும் முடியும் அதோடு சேர்ந்து வந்தன.

இரண்டு ஆட்டோக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டார்கள். மூன்றாவது ஆள் ஏற்றிக்கொண்டார். கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு சின்ன வயசுப் பெண். புண்ணைக் கழுவி, செத்த சதையை வெட்டி எடுத்துவிட்டு, நான் கையில் வைத்திருந்த பட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மட்டமான பெல்ட்டா இருந்திருந்தா மழையில எப்பவோ இத்து விழுந்திருக்கும். நல்ல சரக்கு. அதான் இவ்வளவு ஆழம்" என்றார்.

பிறகு, இதைப் போட்டது யார் என்று தெரியுமா என்று கேட்டார். தெரியலம்மா, ரோட்டில் கிடந்தது என்றேன். நாயின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்த மனைவி வாயைத் திறக்கவில்லை. எனக்காகத்தான் பேசாமல் இருந்தாள் என்று திரும்பி வரும்போது ஆட்டோவில் கொஞ்சம் தைரியமாக உட்கார்ந்திருந்தேன். அதையும் அவள் விட்டுவைக்கவில்லை.

"உனுக்கோசரம் ஒண்ணும் கம்முனு இல்ல. அந்தம்மா கோவத்துல நம்மள வெளிய போவச் சொல்லிட்டா நாயி கதி இன்னா ஆவறதுன்னுதான் பாத்தேன்."

நாய் பிழைத்துக்கொண்டது. கழுத்தைச் சுற்றி முடி முளைக்காத ஒரு வளையம் மட்டும் இருக்கிறது. எங்கள் வீட்டு வாசலில்தான் கிடக்கிறது. மனைவி தெருமுனைக்குப் போனால் கூடவே போகும். நான் சுத்தியலை எடுத்தால் எழுந்து எதிர்வீட்டு நிழலுக்குப் போய்விடும்.

நாங்கள் நாயை ஆட்டோவில் ஏற்றியதை அந்த வாட்ச்மேன் டியூட்டி முடிந்து போகிற வழியில் பார்த்திருக்கிறார். பேங்க்காரர் காதுக்குப் போய், அவர் எங்களைப் பற்றிக் குரூப்பில் எழுதிவிட்டார். பெல்ட் தைக்கிற ஏழைத் தொழிலாளி, மனைவியோடு சேர்ந்து ஒரு உயிரைக் காப்பாற்றினார், இவரிடம் வாங்குவோம் என்று. ரிவெட் அடித்தபோது நல்ல வேலை என்று சொன்ன வாட்ச்மேன் ஏன் அதைச் சொல்லவில்லை என்று தெரியவில்லை. சொன்னால் பார்த்துக்கொண்டு நின்றதற்கு அவரையும் கேட்பார்கள் என்ற பயமாக இருக்கலாம். அதற்கப்புறம் ஆர்டர் முன்னைவிடப் பல மடங்கு வருகிறது. வேலப்பன்சாவடியிலிருந்துகூட ஆள் வருகிறார்கள். ஓரம் தேய்க்கிற வேலையை மனைவி விட்டுவிட்டாள். நானே தேய்த்துக்கொள்கிறேன். அவள் தேய்த்த அளவுக்கு வழவழப்பு வருவதில்லை.

வருகிறவர்கள் எல்லோரும் வாசலில் நாயைப் பார்த்துவிட்டுத் தவறாமல் ஒன்று கேட்கிறார்கள். பெல்ட் தைக்கிற வீட்டு நாய்க்கே பெல்ட் இல்லையா என்று. கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள். நானும் சிரித்து, புண் இருந்த கழுத்து சார், டாக்டர் போடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்கிறேன். எவ்வளவு நல்ல மனசு உங்களுக்கு என்கிறார்கள். மனைவி நாயைக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள். நான் அளவு நாடாவை எடுத்து, உங்கள் நாய்க்கு வயசு என்ன சார் என்று கேட்கிறேன்.