சலவை அக்காவின் ஐந்தாவது வரி

எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்குத் 'தேறாதவர் சங்கம்' என்று பெயர். அஞ்சல் வழியில் கணிதப் பட்டம் படித்து, ஒரே ஒரு தாளில் மட்டும் திரும்பத் திரும்பக் கோட்டை விட்ட பதினோரு பேர். பத்துப் பேர் என்னைப் போல இருபதைத் தாண்டிய அரைவேக்காடுகள். பதினோராவது ஆள் சலவை அக்கா. நாற்பத்து நான்கு வயது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் வேலை, பதினாறு வருடமாக.

அந்த வேலையில் உட்காரவே முடியாது. சாயங்காலம் ஆனால் கணுக்கால் இரண்டும் வீங்கிவிடும். பட்டம் வாங்கினால் மாடியில் பதிவறைக்கு மாற்றித் தருவதாக மேலாளர் சொல்லியிருந்தார். "எனக்கு அறிவெல்லாம் வேணாம்ப்பா, ஒரு நாற்காலி கெடைச்சா போதும்" என்று அக்கா குரல் பதிவு போடுவார். பின்னால் நீராவி இயந்திரம் உஸ்ஸென்று இரைந்துகொண்டே இருக்கும். எங்களுக்கு இன்னும் வாய்ப்புகள் இருந்தன. அவர் பழைய பாடத்திட்டத்தில் சேர்ந்தவர். இந்த முறை விட்டால் ஏற்கெனவே தேறிய பதினேழு தாளும் செல்லாமல் போகும்.

குழுவில் ஒரு விதி உண்டு. யாரும் முழுக் கணக்கையும் போடக்கூடாது. ஆளுக்கு ஒரு வரி. அடுத்தவர் அதைச் சரிபார்த்து டிக் வைத்த பிறகுதான் தன் வரியைப் போடலாம். ஒருத்தர் போட்டதை எல்லாரும் கண்ணை மூடிக் காப்பியடித்து மொத்தமாகக் குப்புற விழுந்த பிறகு வந்த விதி இது. நல்ல விதிதான். ஆனால் அக்கா வரி போட்டால் மட்டும் அது காற்றில் பறக்கும். படிக்கிற நேரம்கூட ஆகியிருக்காது, டிக் வந்து குவியும்.

ஒருமுறை 'குட்டி புரொபசர்' என்று நாங்கள் கூப்பிடும் பையன், "அக்கா, இது தப்பு" என்று போட்டுவிட்டான். அவ்வளவுதான், ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். "பெரியவங்ககிட்ட பேசுற லட்சணமா இது? கால் வலியோட போடுறாங்க, தெரியும்ல?" அன்றைக்கே அவன் குழுவை விட்டுப் போய்விட்டான். "அவன் சொன்னது சரிதானேப்பா" என்று அக்கா எழுதியதை ஒரு ஜென்மமும் கண்டுகொள்ளவில்லை.

பரீட்சைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது பழைய வினாத்தாளிலிருந்து ஒரு கணக்கை எடுத்தோம். ஐந்தாவது வரி அக்காவுடையது. சைனைத் தொகையிட்டால் மைனஸ் காஸ் வர வேண்டும். அக்கா மைனஸை விட்டுவிட்டார். கீழேயே எழுதியும் இருந்தார்: "நின்னுக்கிட்டே போட்டேன், கண்ணு சொருகுது. யாராவது ஒழுங்கா பாருங்க." எட்டு டிக் விழுந்தது.

நான் மருந்துக்கடையில் கல்லாவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. 'அக்கா, ஒரு சின்ன சந்தேகம்' என்று தட்டினேன். அழித்தேன். மறுபடி தட்டினேன். குட்டி புரொபசர் வாங்கிக் கட்டிக்கொண்டது ஞாபகம் வந்தது. நமக்கெதுக்கு வம்பு என்று அதையும் அழித்துவிட்டு, ஒன்பதாவது டிக்கை நான்தான் வைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்தக் கணக்கு அப்படியே பரீட்சையில் வந்தது. முடிவு வந்தபோது, மற்றவர்கள் அதில் தப்பு விட்டிருந்தாலும் வேறு கணக்குகளில் கரையேறிவிட்டார்கள். அக்காவுக்குத் தேற மூன்று மதிப்பெண் குறைந்தது. குழுவில் அழுகிற பொம்மைகளாகப் போட்டார்கள்.

மறுநாள் மதியம் சலவைக்கூடத்துக்குப் போனேன். உள்ளே வெக்கை முகத்தில் அறைந்தது. அக்காவை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நினைத்ததைவிடக் குள்ளம். ஒரு காலைச் செங்கல் மேல் வைத்து, பாரத்தை மாற்றி மாற்றி நின்றிருந்தார். நான் யாரென்று சொன்னேன். வந்த விஷயத்தையும் சொன்னேன்.

இஸ்திரிப்பெட்டி நிற்கவில்லை.

"எப்ப கவனிச்ச?"

"நீங்க போட்ட அன்னிக்கே, அக்கா."

"உன் தாள்ல எப்படி எழுதுன?"

"மைனஸ் போட்டுத்தான்."

"அப்ப நீ பாஸு."

"ஆமா."

விரிப்பை நான்காக மடித்து அடுக்கில் வைத்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது. திட்டவில்லை. முகத்தை முன்கையால் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"உன் வயசுப் புள்ள யாராச்சும் அந்த வரியைப் போட்டிருந்தா?"

"அடுத்த நிமிஷமே சொல்லியிருப்பேன்."

அக்கா தலையாட்டினார். கூடையிலிருந்து அடுத்த விரிப்பை உதறி எடுத்தார். கூடை நிறைய இருந்தது. மணி இரண்டுதான் ஆகியிருந்தது.

"சரி, நீ கெளம்பு. ஆறு வரைக்கும் நான் நிக்கணும்" என்றார்.