பி.பி. முகவரி

2004 பிப்ரவரி 17, செவ்வாய். ஐந்தேகாலுக்கு எழுந்தேன். கணவருக்கு இட்லி கட்டிக்கொடுத்து 7.10 பஸ்ஸில் விழுப்புரம் வேலைக்கு அனுப்பினேன். எட்டு மணிக்குத் திண்டிவனத்தில் எங்கள் கடையின் ஷட்டரைத் தூக்கினேன். இரண்டு கம்ப்யூட்டர்களின் மேலிருந்த துணிகளை மடித்து வைத்தேன். மூன்றாவது முயற்சியில் இன்டர்நெட் கிடைத்தது. நான்கு மின்னஞ்சல்கள். பிரதி எடுத்து, பெயர் எழுதி, கிளிப்பில் மாட்டினேன். அன்றைய டைரிப் பக்கம் இப்படித்தான் தொடங்குகிறது.

வீட்டில் போன் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு எண்ணைக் கொடுத்து அருகில் ‘பி.பி.’ என்று போட்டுக்கொண்ட காலம் பலருக்கும் நினைவிருக்கும். 1993இல் நாங்கள் எஸ்.டி.டி. பூத் திறந்ததிலிருந்து எங்கள் எண் முப்பது குடும்பங்களுக்கு பி.பி.யாக இருந்தது. பிறகு இன்டர்நெட் போட்டபோது அதே வழக்கம் யோசிக்காமல் தொடர்ந்தது. கடைக்கு இருந்த ஒரே மின்னஞ்சல் முகவரியை எல்லோரும் தங்களுடையதாகக் கொடுத்தார்கள். சவுக்கு நாற்று விற்பவரின் விசிட்டிங் கார்டில்கூட அந்த முகவரியும், பக்கத்தில் பி.பி. என்ற இரண்டு எழுத்தும் அச்சாகியிருந்தன.

அந்த முகவரியை நம்பியிருந்தவர்களில் விக்கிரவாண்டிப் பக்கத்துக் கிராமத்துத் தையற்காரப் பெண் ஒருவர். தேவாலயத்தில் புதுநன்மை, அதாவது முதல் திருவிருந்து, வாங்கும் சிறுமிகளுக்கு வெள்ளை கவுன் தைப்பதில் கெட்டிக்காரர். பாண்டிச்சேரியில் பிறந்து பிரான்சில் வசிக்கும் ஓர் அம்மாள், விடுமுறைக்கு வந்தபோது அவர் தைத்ததைப் பார்த்துவிட்டு, மே மாதத்துக்குப் பன்னிரண்டு கவுன் கேட்டிருந்தார். அளவுகளை மின்னஞ்சலில் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். இவர் சாட்டின் துணி எடுத்துவைத்து, உள்ளூர்க்காரர்கள் ஈஸ்டருக்குக் கேட்ட துணிகளை எல்லாம் வேறு டெய்லரிடம் அனுப்பிவிட்டார். ஒன்பது நாளாக மாலை ஐந்து மணி பஸ்ஸில் வந்து விசாரித்துக்கொண்டிருந்தார்.

“வந்துச்சாக்கா?”

“இன்னும் வரலைம்மா.”

“நல்லா பாருங்க. அடியில எங்கனா மாட்டிக்கினு இருக்கப் போவுது.”

அன்று பிற்பகல் 3.10க்கு பூத் போன் அடித்தது. அந்த பிரான்ஸ் அம்மாள்தான்.

“நாலு தபா அனுப்பிட்டேங்க. நாலும் எனக்கே திரும்பி வந்துடுச்சு. அந்தப் பொண்ணுக்கு இஷ்டம் இல்லைன்னா நேராவே சொல்லிடலாமே. நாளைக்குள்ள பதில் வரலைன்னா பாண்டியிலயே வேற ஆளப் பாத்துக்கறேன்.”

மாலை கூப்பிடுவதாகச் சொல்லி அவர் எண்ணைக் குறித்துக்கொண்டேன். போனை வைத்தபின் எனக்குப் பதற்றத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். வீடு பூட்டியிருந்தால் தபால் திரும்பும். முகவரி தவறென்றால் திரும்பும். கடை திறந்திருக்கிறது, முகவரியும் சரி, காலையில் நான்கு கடிதங்கள் வந்திருக்கின்றன. இவருடையது மட்டும் எந்த வாசலில் நின்று திரும்பிப் போனது?

திரையை மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாகப் படித்தேன். அடியில், நான் தினமும் பார்த்திருந்த ஒரு சிறிய சிவப்பு வரி: 99 சதவீதம். எல்லாம் சரியாக இயங்குகிறது என்பதற்கான மதிப்பெண் என்று இத்தனை நாளும் எண்ணியிருந்தேன். அகராதியை வைத்துக்கொண்டு முழு வாக்கியத்தையும் படித்தபோதுதான் மின்னஞ்சல் பெட்டி நிரம்பிவிட்டது என்பது புரிந்தது. சின்னக் கடிதங்கள் இடுக்கில் நுழைந்துவிட்டன. அளவோடு கழுத்து டிசைன் படமும் சேர்த்து அனுப்பிய கடிதத்துக்கு இடமில்லை.

நிரப்பியது நான்தான். எங்கள் வீட்டில் கடிதத்தைக் கிழித்துப் போடும் வழக்கமில்லை. படித்ததும் கம்பியில் குத்திவைப்போம். கம்பி நிறைந்தால் இன்னொரு கம்பி. அந்தப் பழக்கத்தில் மூன்று வருடமாக ஒரு மின்னஞ்சலைக்கூட நான் அழிக்கவில்லை.

எவை பெரியவை என்று தேடினேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடைய மகளுக்காக வந்திருந்த ஒரே மாப்பிள்ளையின் படங்கள், மொத்தம் பதினொன்று. பிறர் கடிதத்தைக் கேட்காமல் தொட மனம் வரவில்லை. இரண்டு வீடு தள்ளித்தான் அவர் இருந்தார். போய்க் கேட்டேன்.

“சார், அந்த மாப்பிள்ளை படத்தையெல்லாம் எடுத்துடலாங்களா?”

“தாராளமா எடும்மா. அவுங்க வேற எடத்துல முடிச்சிக்கினாங்க. இன்னுமா அந்தாளு உங்க கடையில ஒக்காந்துக்கினு இருக்கான்?”

பதினொன்றையும் அழித்தேன். சிவப்பு வரி காணாமல் போனது.

ஐந்து மணிக்கு வந்த தையற்காரப் பெண்ணிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். தவறு என்னுடையது என்றும் சொன்னேன். அவர் பையைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

“யாரோ மாப்ள குந்திக்கினு இருந்ததுல என் லெட்டரு வெளிய நின்னுக்கினு இருந்துதா?”

“இப்ப இடம் இருக்கும்மா. திரும்ப அனுப்பச் சொல்லலாம்.”

“நாளைக்கு இன்னொரு மாப்ள வந்தா? வேணாங்க்கா. எனக்கே எனக்குன்னு ஒண்ணு போட்டுக் குடுங்க.”

அப்படி என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர். இருபது நிமிடத்தில் தனி முகவரி தயாரானது. ரகசியச் சொல்லை அவரே ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு பூத்திலிருந்து பிரான்சுக்குப் பேசினோம். நான் முகவரியை எழுத்தெழுத்தாகச் சொல்லி முடித்ததும் அவர் ரிசீவரை வாங்கிக்கொண்டார்.

“இது பி.பி. இல்லீங்க. என்னுது.”

வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் இரவில் அனுப்புவதாக அந்த அம்மாள் சொன்னார். வருகிறதோ இல்லையோ என்ற யோசனையுடன் தையற்காரப் பெண் பஸ் ஏறினார்.

பிப்ரவரி 18, புதன். அவர் முதல் பஸ்ஸில் வந்து, 6.40க்கெல்லாம் மூடிய ஷட்டர் முன்னால் நின்றிருந்தார். அன்று நான் கடையின் பெட்டியை முதலில் திறக்கவில்லை. நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டுக் காலண்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவருடைய பெட்டியில் ஒரே ஒரு கடிதம் இருந்தது. அதில் பன்னிரண்டு பெயர்களும் அளவுகளும்.

“மார்பு அறுபது, அறுபத்தி நாலுன்னு போட்டுக்கிறாங்க. புள்ளைங்களாக்கா, யானைங்களா?”

“அது சென்டிமீட்டர்ம்மா.”

பையிலிருந்து அளவு டேப்பை எடுத்து, இத்தனை வருடம் பார்க்காத அதன் மறுபக்கத்தைத் திருப்பி, முதல் அளவைத் தன் நோட்டில் எழுதினார்.