பந்து போன பக்கம்

“…ரெண்டு கேட்டா ஒண்ணுதான் வெக்கிற, மீதிய யாருக்குய்யா ஒளிச்சு வெச்சிக்கினு கீற?” என்று என் மனைவி ஸ்டெல்லா கேட்டபோது, இரண்டாவது இட்லி அவள் தட்டிலேயேதான் இருந்தது. தட்டின் இடப்பக்கத்தில்.

வழக்கமான கிண்டல் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தேன். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. இடது கை சாம்பார்க் கிண்ணத்துக்குள் கிடந்தது. அது அவளுக்குத் தெரியவே இல்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி நேரலாம் என்பதால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். வாய் கோணினாலோ, கை துவண்டாலோ, பேச்சு குழறினாலோ, கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள். நாங்கள் தட்டை அப்படியே விட்டுவிட்டு ஆட்டோ ஏறினோம்.

சி.டி. ஸ்கேனில் (தலையை அடுக்கடுக்காகப் படமெடுப்பது) மூளையின் வலப்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைப்பு தெரிந்தது. வலது மூளைதான் இடது உடம்பை ஆள்கிறதாம். கை, கால் பலவீனத்தோடு இன்னொன்றையும் மருத்துவர் சொன்னார்: நெக்லெக்ட் (கண் நன்றாக இருந்தும் மூளை ஒரு பக்கத்தைக் கணக்கிலேயே எடுக்காமல் விடுவது).

“கண்ணாடி போட்டா சரியாகிற விஷயம் இல்லைங்க. அவங்களைப் பொறுத்தவரைக்கும் இடது பக்கம்னு ஒண்ணு கிடையாது. இது குறையாம ரோட்டுல தனியா விட முடியாது, அடுப்புகிட்ட விட முடியாது. நிறைய பேருக்குக் குறையும். இவங்களுக்கு எவ்வளவு குறையும்னு இப்பவே சொல்ல மாட்டேன்.”

ஸ்டெல்லா பள்ளியில் பி.டி. டீச்சர். ஊரூர் குப்பத்துக் கடற்கரை மணலில் வாலிபால் பழகியவள். செட்டர். அதாவது, இன்னொருத்தி ஓங்கி அடிப்பதற்காகப் பந்தை வாகாகத் தூக்கிக் கொடுப்பவள்.

எனக்கு லஸ் பக்கம் ஸ்டிக்கர் கடை. ஆட்டோ முதுகில் ஜனங்கள் கேட்கிற வசனத்தை வெட்டி ஒட்டுவது பிழைப்பு என்பதால், யார் என்ன சொன்னாலும் காதில் தங்கிவிடும். மருத்துவமனைக்கு வந்தவர்கள் அதிகம் சொன்னது, “நல்லவேளை, இடது கைதானே!” செட்டர் பந்தைப் பத்து விரலால் தூக்குவாள். அவர்களுக்கு அது எங்கே தெரியும்? தலையாட்டி வைத்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு பாதித் தலைதான் வாரினாள். நைட்டியில் ஒரு கைதான் நுழைந்தது. ஒருநாள் மடியில் கிடந்த தன் இடது கையைத் தள்ளி, “யோவ், கைய எடு. வெயிட்டா கீது” என்றாள். சிரித்தேன். பிறகு சமையலறைக்குப் போய், கழுவி வைத்த பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.

அறையாவது கலகலப்பாக இருக்கட்டும் என்று கடையில் உட்கார்ந்து வாலிபால் ஆடும் பெண்கள், வலை, மஞ்சள் பந்து என்று வினைல் ஸ்டிக்கர் வெட்டினேன். கட்டிலுக்கு எதிர்ச்சுவரில், அவள் பார்வை எப்போதும் நிற்கிற வலது மூலையில், கதவை ஒட்டி எல்லாவற்றையும் ஒட்டினேன். அவளுக்கு ஒரே குஷி. தரமணி ஆபீஸிலிருந்து வந்த மகள் பெனி, “ரூமாப்பா இது, கிரவுண்டா? செருப்பைக் கழட்டணுமா, ஷூ போடணுமா?” என்றாள்.

பிசியோதெரபி (உடற்பயிற்சியால் தரும் சிகிச்சை) கொடுக்க வந்த பெண் மட்டும் சிரிக்கவில்லை. “சார், பார்க்கிற பக்கத்துக்கு விருந்து வெச்சிட்டுப் பார்க்காத பக்கத்தைப் பட்டினி போட்டிருக்கீங்களே! இடது பக்கம் அவங்களே தேடி வரணும். தலையைப் பிடிச்சுத் திருப்பாதீங்க. அங்க பாருன்னும் சொல்லாதீங்க.”

உரித்தேன். பெயின்ட்டும் சேர்ந்து வந்தது.

மறுபடி, வலது மூலையில் செட்டரை மட்டும் ஒட்டினேன். தூக்கிய கைகள், விரல் நுனியில் பந்து. அன்று மாலையே ஸ்டெல்லா கேட்டாள்: “இன்னாய்யா, யாருக்குப் போடுறா இவ?”

“தெரியலையே” என்றேன்.

மறுநாள் ஒரு ஜாண் இடப்பக்கமாக இன்னொரு பந்து. இரண்டு நாள் கழித்து அதற்கும் அந்தப் பக்கம் ஒன்று. ஆடினவள் கண் பந்தை விடுமா? கண் போனது, பின்னால் கழுத்து போனது. சுவர் நடுவிலிருந்த ஜன்னல் வரை பார்வை வந்தது. அதற்கு அப்பால் ஒட்டிய பந்து அவளுக்கு இல்லை. “அவுட்டு. வெளிய பூட்ச்சு” என்று கையை விரித்தாள்.

வாரக்கணக்கில் அதே அவுட். கண் அந்த ஓரம் வரை போகட்டும் என்று தட்டின் இடது ஓரத்தில் சிவப்பு டேப், செய்தித்தாளின் இடது ஓரத்தில் சிவப்பு டேப். இதோடு நின்றுவிடுவாளோ என்று எனக்குப் பயம். கடைசியில் பந்தை அடிக்கப்போகிற பெண்ணை ஜன்னலுக்கு இந்தப் பக்கமே ஒட்டிவிடலாமா என்று பெனியிடம் கேட்டேன். “அம்மா பார்க்கிற இடத்துல ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினா அது மேட்ச் இல்லப்பா, போட்டோ” என்றாள்.

அதனால் என் நாற்காலியையும் ஸ்டெல்லாவின் இடப்பக்கத்துக்கு மாற்றினேன். அங்கிருந்து பேசினால் கதவைப் பார்த்துப் பதில் சொல்வாள். கட்டின புருஷன் இருக்கும்போதே மனைவி கதவோடு குடும்பம் நடத்துவது லேசான காட்சி இல்லை.

எங்கள் வீட்டில் அந்த நாட்களுக்குக் கிழமை கிடையாது. ஜன்னலுக்கு முன்பு, ஜன்னலுக்குப் பின்பு, அவ்வளவுதான். எனக்கே என் இடது தோள் ஒன்று இருப்பது அப்போதுதான் தெரிந்தது. இன்றைக்கும் எந்த அறைக்குள் போனாலும் இடது மூலையைத்தான் முதலில் பார்க்கிறேன். ஸ்டெல்லா இப்போதும் சில நாட்களில் இடது செருப்பை மறக்கிறாள். களைத்தால் அந்தப் பக்கம் மறுபடி சுருங்கும் என்கிறார் மருத்துவர். முழுசாகச் சரியாகிவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

அந்த ஜன்னல் நாட்களில் ஒரு மதியம், பெனி சொன்னபடி சுவரின் இடது கோடியில் ஸ்டூல் போட்டு, வலையையும் அடிக்க எழும்புகிற பெண்ணையும் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

“யோவ், ஃபவுலு! அவ காலு வலைக்கு அந்தாண்ட பூந்துக்கினு கீது.”

ஸ்டூலில் அப்படியே நின்றேன். “எந்தக் கால்?”

“லெஃப்ட்டு காலுய்யா. கண்ணு தெரில உனக்கு?”

இறங்கி, அவள் இடப்பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். “கால மாத்தி ஒட்டிடுறேன்” என்று மெல்லச் சொன்னேன்.

அவள் கதவைப் பார்க்கவில்லை. கழுத்து திரும்பியது, தோள் திரும்பியது, முகம் என்னிடம் வந்து நின்றது. என் கன்னத்தில் மஞ்சள் வினைல் துண்டு ஒன்று ஒட்டியிருந்திருக்கிறது. வலது கையை நீட்டி அதை உரித்தெடுத்தாள். மடியில் கிடந்த தன் இடது கையின்மேல் வைத்து, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து ஒட்டினாள்.